தாய்ச்செடி

மிருதுளாவின் அம்மா சேலத்து ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தாள். விடுதியில் அதை முதலில் தெரிந்துகொண்டவள் பவதாரணி.

அன்று ஞாயிறு. பெற்றோர் வரும் நாள். தகரக் கொட்டகையில் குடும்பம் குடும்பமாகத் தூக்குப்போசிகளைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். பவதாரணி கோழிக்குழம்புச் சோற்றைத் தின்று முடித்து, கை கழுவ வாசல் கேட்டருகே இருந்த குழாய்க்குப் போனாள். கம்பிகளுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். தாளாளர் நல்லமுத்துவைக் கையெடுத்துக் கும்பிட்டபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"என்ற அக்காளுக்கு ஈரல் போயிருச்சுங்க. ரெண்டு நாள் தாங்குனாப் பெருசுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாருங்க. புள்ளயப் பாக்கோணும், புள்ளயப் பாக்கோணும்னு அதே பேச்சு. மிருதுளாவ ஒருக்கா அனுப்புங்க. காட்டிப்போட்டு நானே கொண்டாந்து விட்டர்றேன்."

தாளாளர் கெட்டவர் அல்ல. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அந்த மனிதரின் தோளில் கைவைத்து நிதானமாகச் சொன்னார். வீட்டுச் சேதி நல்லதோ கெட்டதோ, பரீட்சைவரை பிள்ளையிடம் போகக்கூடாது என்று ஒப்புக்கொண்டவளே அவருடைய அக்காதான். இப்போது சொன்னால் உடைவது ஒரு பிள்ளை அல்ல, நாற்பது பிள்ளைகள். புதன்கிழமை உயிரியல். எழுதிய கையோடு தன் காரிலேயே அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

"புதங்கெழம வரைக்கும் அது இருக்காதுங்க" என்றார் அவர்.

தாளாளர் தலைகுனிந்து நின்றார். கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை.

பவதாரணி குழாயை மூட மறந்து நின்றாள். மிருதுளாவின் அம்மாவை அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அழுகை வந்தது. பெற்ற தாய்க்காக வருகிற அழுகை.

அந்தப் பள்ளியில் பாடம் படிப்பவள் ஒருத்தி. மற்றவர்களுக்கு அது வந்து சேரும். சேர்க்கையின்போது தாளாளர் அதைப் பவதாரணியின் அப்பாவுக்கு விளக்கினார். ஒரு பிள்ளை பாடத்தைப் படிக்கும்போது அவள் மூளையில் விழும் தடத்தை நெற்றியில் கட்டிய பட்டை பதிந்துகொள்ளும். மற்ற பிள்ளைகள் அதேபோன்ற பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கினால், எழும்போது பாடம் அவர்களுக்குள் இருக்கும். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மல்லியக் கொடிய வளைச்சு மண்ணுல அமுக்கி வெக்கறாப்பலீங்களா?"

"அதேதானுங்க. நாங்களும் பதியம்னுதான் சொல்றது. படிக்கிற புள்ள தாய்ச்செடி."

"தாய்ச்செடிக்கு நோவு வந்தா?"

"வராமப் பாத்துக்கறதுதானுங்க எங்க வேலையே."

அப்பா கையெழுத்துப் போட்டார். பவதாரணியின் அக்கா உயிரியலில் தோற்ற அந்த ஆவணியிலேயே அவளுக்குக் கல்யாணத்தை முடித்திருந்தார். அந்த மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி இருந்தான். பாஸானால் நர்சிங், இல்லாவிட்டால் வைகாசி என்று வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். பவதாரணிக்கு நாலாவது வரியைப் படிக்கும்போது முதல் வரி போய்விடும். அவள் சோம்பேறி அல்ல. நிற்பதில்லை, அவ்வளவுதான்.

மிருதுளாவுக்கு ஒருமுறை வாசித்தால் போதும். அவளைத் தாய்ச்செடியாக எடுத்தார்கள். மாடியில் தனி அறை, ஏ.சி., காரமில்லாத சாப்பாடு. போன் கிடையாது, பார்க்க யாரும் வரக்கூடாது, தோழிகளோடு பேச்சு கிடையாது. படிக்கும்போது அவள் மனதில் வேறு எது ஓடினாலும் அதுவும் பாடத்தோடு ஒட்டிக்கொண்டு போகும். உயிரியல் ஆசிரியர் கந்தவேல் அதைக் களை என்பார். ஒவ்வொரு பதியத்துக்குப் பிறகும் வகுப்பில் வந்து கேட்பார்.

"களை ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லீங்க சார்" என்பார்கள் நாற்பது பேரும்.

பொய். முதல் பாடத்திலேயே வந்தது. தாவர இனப்பெருக்கத்தோடு ஒரு கை வந்தது. நல்லெண்ணெய் மணக்கும் கை, மோவாயைப் பிடித்துத் தலையை நிமிர்த்தியது. மரபியலோடு, சிக்கெடுக்கும்போது "எரும, ஆடாத" என்று அதட்டும் குரல் வந்தது. சூழ்நிலையியலோடு ஒரு தோள் வந்தது. பேருந்தில் அதன்மேல் சாய்ந்து தூங்கினால் எலும்பு கன்னத்தில் குத்தும். பாடத்துக்குப் பாடம் அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தாள். சொன்னால் சார் களையெடுத்துவிடுவார். அதற்கும் ஒரு கருவி இருந்தது. அதனால் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று பேசிவைத்துக்கொள்ளவும் இல்லை. அவரவர் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போய்விடுவாள். இந்த அம்மா எந்நேரமும் கூட இருந்தாள்.

துணி துவைக்கும் கல்லருகே பவதாரணி விஷயத்தைச் சொன்னாள். முதலில் ஒருத்தி அழுதாள், அடுத்தவள் அழுதாள். எல்லோரும் ஒரே மாதிரி அழுதார்கள். கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு. அது அவர்கள் யாருடைய பழக்கமும் அல்ல.

கோகிலவாணி மட்டும் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் வாய் அதிகம் அவளுக்கு.

"எவளும் மேல போயி ஒளறக்கூடாது" என்றாள்.

"செத்துருவாங்க புள்ள" என்றாள் பவதாரணி.

"கேட்டுச்சு. நாளைக்கு மூலக்கூறு மரபியல் வருது. லாக் ஓபரான்னா என்னன்னு சொல்லு பாக்கலாம். தெரியாதில்ல? உன்ற மண்டைக்கு அது ரெண்டு நாள்ல ஏறுமா? ஏறாது. அப்பறம் வைகாசில கழுத்த நீட்டிக்கிட்டு உக்காந்துக்க."

யாரும் சிரிக்கவில்லை. பெரிய கேள்விகள் இரண்டு அந்தப் பாடத்திலிருந்துதான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மிருதுளா அழுதால் அந்த அழுகை நாற்பது பேருக்கும் பதியமாகும், பரீட்சைக் கூடத்தில் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவே அதை விரும்ப மாட்டார் என்றாள். படிப்பைக் கெடுத்துக்கொண்டு வரச்சொல்கிற ஆள் இல்லை அவர் என்று அடித்துச் சொன்னாள். மிருதுளா சொல்வதைப் போலவே சொன்னாள். அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

"இப்பக் கேக்கறாங்களே" என்றாள் பவதாரணி.

சொல்ல வேண்டாம் என்பவர்கள் கை தூக்கட்டும் என்றாள் கோகிலவாணி. கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பவதாரணியும் தூக்கினாள். கோகிலவாணி துணியை அலசாமலேயே பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் போனாள். நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் கடைசிப் பதியம். அதற்கு முன் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஹால் டிக்கெட்டுகளையும் பேனாக்களையும் சாமி படத்தின் முன் வைத்துப் படைப்பார்கள். பிறகு தாய்ச்செடியை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்பது பேரும் வரிசையாக அவள் காலில் விழுந்து எழுவார்கள். அவள் ஒவ்வொருத்தி நெற்றியிலும் திருநீறு பூசுவாள். கந்தவேலுக்கு அதில் கூச்சம்தான். ஆனால் தடுத்ததில்லை. வருடத்தில் மிருதுளாவை அவர்கள் அத்தனை அருகில் பார்ப்பது அன்று மட்டும்தான்.

வெயில் படாத தோல் வெளுத்திருந்தது. வார்டன் மேகலா பின்னிவிட்ட சடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மிருதுளா யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பாடத்தைக் கலைத்துவிடக் கூடாது என்று அப்படிப் பழகியிருந்தாள்.

வரிசை நகர்ந்தது. நர்சிங், வைகாசி என்று பவதாரணி மனதுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு முன்னால் கோகிலவாணி விழுந்து எழுந்தாள். மிருதுளாவின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டாள்.

பவதாரணி விழுந்தாள். நெற்றி அந்தக் கால்விரல்களில் பட்டது. இந்தக் கால்களுக்கு அம்மா மருதாணி வைத்த ஒரு மத்தியானம் அவளுக்கு நினைவிருந்தது. எந்தப் பாடத்தோடு வந்தது என்று தெரியவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னாள். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"சேலத்துல அம்மா சாகக் கெடக்கறாங்க. உன்னயக் கேக்கறாங்க."

எழுந்தாள். மிருதுளாவின் கை தட்டுக்குப் போய்த் திருநீற்றை எடுத்தது. கட்டைவிரல் அவள் நெற்றியில் அழுந்தியது. மற்றவர்களுக்கு அழுந்தியதைவிட அதிகமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அடுத்தவள் வந்துவிட்டாள்.

மிச்சமிருந்த எல்லோருக்கும் மிருதுளா திருநீறு பூசினாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மேகலாவோடு மாடிப்படி ஏறினாள். கதவின் வெளித்தாழ் விழுந்த சத்தம் கீழே கேட்டது.

முற்பகல் முழுக்க மாடியிலிருந்து அவள் படிக்கும் குரல் வந்தது. ஒரே சீரான குரல். எங்கும் தடுக்கவில்லை. பவதாரணி கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் சொன்னது மிருதுளாவின் காதில் விழவில்லையோ என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது வந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சாப்பாடு வழக்கம்போலத் தயிர்ச்சோறு. தூக்கம் வர அதைப் போடுவார்கள். கூடத்தில் பாய்கள் விரித்தாயிற்று. பட்டைகள் வந்தன. பவதாரணி பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கட்டினால் என்ன வருமோ தெரியாது. கட்டாவிட்டால் பாடம் வராது. அது தெரியும். கட்டிக்கொண்டு படுத்தாள்.

விழித்ததும் பாடத்தைத் தேடினாள். எல்லோரும் செய்வதுதான். பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல, கண்ணைத் திறக்கும் முன்பே உள்ளே தொட்டுப் பார்ப்பார்கள். லாக் ஓபரான் இல்லை. டி.என்.ஏ. இரட்டிப்பாதல் இல்லை. அழுகையும் இல்லை. அங்கே ஒரு வழி மட்டும் இருந்தது. மாடிப்படி, வராந்தா, கேட்டு, வெளியே நிழற்குடை, சேலம் போகும் பஸ், ஜன்னலோர இருக்கை, இறங்கி நடக்க வேண்டிய தெரு. அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை.

போச்சு என்று நினைத்தாள். அக்காவின் முகம் வந்தது. புத்தகத்தை எடு, இன்னும் நேரம் இருக்கிறது, உட்கார்ந்து படி என்று தனக்குத்தானே சொன்னாள். சொல்லும்போதே கால்கள் பாயைவிட்டு எழுந்திருந்தன. நிறுத்தியிருக்க முடியுமா என்று பிற்காலத்தில் அவள் பலமுறை யோசித்ததுண்டு. போக வேண்டும் என்ற அந்த எண்ணம் மிருதுளாவுடையதா தன்னுடையதா என்று அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

கூடத்தில் எல்லோரும் எழுந்திருந்தார்கள். செருப்புப் போடவில்லை. பட்டையை அவிழ்க்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வராந்தாவைத் தாண்டி மைதானத்து வெயிலில் இறங்கினார்கள். மண் சுட்டது. கேட்டுக்கு வந்து கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

காவலாளி பூட்டைக் கையால் பொத்திக்கொண்டு சத்தம் போட்டார். தாளாளர் டீ டம்ளரோடு வந்தார். பின்னால் கந்தவேல் ஓடிவந்தார்.

"எங்க கண்ணு போறீங்க?"

"அம்மாவப் பாக்க" என்றாள் ஒருத்தி. அடுத்தவளும் அதையே சொன்னாள். சேர்ந்து சொல்லவில்லை. முன்னும் பின்னுமாக, அவரவர் குரலில், தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாளாளர் டம்ளரைத் தரையில் வைத்தார்.

கந்தவேல் முன்னால் நின்றவளிடம் லாக் ஓபரான் பற்றிக் கேட்டார். அவள் தெரியாத ஊர்ப் பாஷையைக் கேட்பதுபோல அவரைப் பார்த்தாள். அவர் தாளாளரின் பக்கம் திரும்பினார். "கேமராவுல பாத்துக்கிட்டேதான் சார் இருந்தேன். வரி தப்பாமப் படிச்சா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லீங்க."

தாளாளர் பேசிப் பார்த்தார். பரீட்சையைச் சொன்னார். ஒவ்வொருத்தியின் அப்பாவும் சேர்க்கையன்று எப்படி வந்து நின்றார் என்பதைச் சொன்னார். எல்லாம் உண்மை. கம்பிகள் கொதித்தன. யாரும் கையை எடுக்கவில்லை. முதல் ஆளாகக் கம்பியைப் பிடித்திருந்தவள் கோகிலவாணி. தாளாளர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரை எடுக்கவும் மிருதுளாவைக் கூட்டிவரவும் சொன்னார். ஒருத்தி போனால் மற்றவர்களாவது மிஞ்சுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

மிருதுளா மேகலாவின் பின்னால் வந்தாள். வெயிலுக்குக் கண் கூசியது அவளுக்கு. நேராகக் கந்தவேலிடம் போனாள்.

"நான் பாடத்தத்தான் சார் படிச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல. சத்தியமா."

அதன்பிறகுதான் அவள் கேட்டருகே நின்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் கீழுதட்டைக் கடித்திருந்தார்கள்.

"நீங்க ஏண்டி அழறீங்க?" என்றாள்.

கார் வந்து நின்றது. காவலாளி பூட்டைத் திறந்தார். மிருதுளா கதவில் கை வைத்தபோது பவதாரணி சொன்னாள்.

"வலது பக்கமா நின்னு பேசு. எடது காது கேக்காது."

மிருதுளா திரும்பினாள்.

"மெத்தையில படுக்கவெச்சா முதுகு வலிம்பாங்க" என்றாள் வேறொருத்தி. "கீழ பாயிலதான் தூக்கம் வரும்னு நர்சுகிட்டச் சொல்லு."

"தண்ணிய ஆத்திக் குடு. சூடு ஆகாது."

"பல்லுசெட்டக் கழட்டி வெச்சிருந்தா உள்ள வராதன்னு சொல்வாங்க. கேக்காத. உள்ள போயிரு."

சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சின்னச் சின்ன விஷயங்கள். பெற்ற பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாதவை. மிருதுளா ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. களை என்ற சொல் அவளுக்கும் தெரியும். எல்லாம் எடுத்தாயிற்று, சுத்தமான பாடம்தான் போகிறது என்று ஒவ்வொரு முறையும் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

கோகிலவாணி அருகில் போய், "நாங்க கேட்டோம்னு சொல்றியா?" என்றாள். அந்தக் குரலை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"என்ன கேட்டீங்கன்னு சொல்றது?" என்றாள் மிருதுளா. "அது என்ற அம்மாடி."

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மேகலா மறுபக்கம் ஏறினாள். கார் நிழற்குடையைத் தாண்டி வளைவில் மறைந்தது. கேட்டு திறந்தே கிடந்தது. நாற்பது பேரில் ஒருத்திகூட அதைத் தாண்டவில்லை. காரில் அவர்களுக்கு இடமில்லை என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

பவதாரணிக்குள் இருந்த வழி மெல்லக் கலைந்தது. பஸ் போனது, தெரு போனது. அந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஒரு பாடம் அளவுக்கு வெறுமையாக இருந்தது. உள்ளங்கை எரிந்தது. புத்தகத்தில் அந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. இதுவரை தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

போய் முகம் கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுங்கள் என்றார் தாளாளர். முடிந்தவரைக்கும் படியுங்கள், நடப்பது நடக்கட்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. கோகிலவாணி நகரவில்லை.

"சேலத்துல இருந்து சேதி வந்தா எங்களுக்கும் சொல்லோணுங்க சார்."

"சொல்றேன் கண்ணு."

"அப்பவே சொல்லோணும். பரீட்சைக்கு முன்னாடின்னாலும்."

"கண்டிப்பா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தலையசைத்துவிட்டு நடந்தாள். வரிசை அவள் பின்னால் விடுதியை நோக்கிப் போனது. பவதாரணி கடைசியில் இருந்தாள். அவள் திரும்பி நடக்கத் தொடங்கியபோது கேட்டு மூடும் சத்தம் கேட்டது. தாளாளர் தாழ்ந்த குரலில் காவலாளியிடம் பேசினார்.

"சேலத்துல இருந்து போன் வந்தாலும் சரி, ஆள் வந்தாலும் சரி. நேரா என்கிட்டச் சொல்லு. புதங்கெழம வரைக்கும் ஒருத்தர் காதுக்கும் போகப்படாது."

"யார்கிட்ட மறைக்கறதுங்க? அந்தம்மா மகதான் போயிருச்சுங்களே."

வெறுங்காலோடு வெயிலில் போய்க்கொண்டிருந்தவர்களைத் தாளாளர் பார்த்தார்.

"இன்னும் நாப்பது மகளுக இங்கதான இருக்காங்க" என்றார்.